பாதி வழியில்

தொடங்கிய காரியத்தைப் பாதியில் விடுவது பாவம் என்ற எண்ணம் நம்மவர்களின் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. விட்டவனைக் கோழை என்கிறோம். பிடித்த பிடியை விடாதவனுக்கு மாலை போடுகிறோம். இது எல்லாச் சமயத்திலும் நியாயந்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

செஞ்சியை அடுத்த வல்லத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகள் இருக்கிறாள். பட்டம் பெற்றவள், கைக்குழந்தைக்காரி. சென்ற ஆண்டு ‘மெடிக்கல் பில்லிங்’ என்ற படிப்பைத் தபால் மூலம் படிக்கத் தொடங்கினாள். பாதிப் பாடங்கள் முடிந்துவிட்டன. கட்ட வேண்டிய பணத்தில் முக்கால் பங்கைக் கட்டியாகிவிட்டது. அது அண்ணன் மல்லாட்டை விற்ற பணம். மேலே படிப்பதா, நிறுத்திவிடுவதா என்று இப்போது என்னைக் கேட்கிறாள்.

அது என்ன தொழில் என்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் வைத்தியரிடம் போனால், பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் பணம் கொடுக்க வேண்டும். வைத்தியர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று போட்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். 2015 அக்டோபர் முதல் அங்கே வழங்கிவரும் நோய்ப் பட்டியலில் மட்டும் சுமார் 70,000 குறியீடுகள் உண்டு. ஒன்று தவறினாலும் கணக்கு திரும்பி வந்துவிடக்கூடும். இந்த வேலையைச் செய்து தரும் கம்பெனிகள் சென்னையில் ஏராளம். திரும்பிய கணக்குக்காக டெலிபோனில் வாதாடுகிறவர்கள் ராத்திரி முழுவதும் விழித்திருக்கிறார்கள். அங்கே பகல், இங்கே இரவு அல்லவா? குறியீடு போடுகிறவர்களுக்குப் பகல் வேலையும் உண்டு. ஆனால் அதில் முன்னேறத் தபாலில் வரும் சான்றிதழ் மட்டும் போதாது. 4 மணி நேரத்தில் 100 கேள்விகளுக்கு விடையளிக்கும் அமெரிக்கப் பரீட்சை ஒன்றையும் எழுதுவது நல்லது.

உடம்பின் உறுப்புகளைப் பற்றிய பாடங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. கணக்குப் பாடங்கள் கசக்கின்றன. “நிறுத்திவிட்டால் அப்பாவின் பணம் வீணாகிவிடுமே, சித்தப்பா?” என்கிறாள். உண்மையான கேள்வி இதுதான். நமக்காகச் செலவு செய்தவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

முதலில் பணத்தைப் பார்ப்போம். கட்டிய பணம் போனது போனதுதான். படித்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. மானாவாரி நிலத்தில் போட்ட விதை மழை பொய்த்துக் காய்ந்துவிட்டால், அந்த விதைக்காக வருந்தி இன்னொரு மூட்டையை அதே புழுதியில் கொட்டுவாரா அண்ணன்? வானத்தைப் பார்ப்பார். கையில் மிஞ்சிய விதையையும் வரக்கூடிய மழையையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார். நிலத்தில் இருக்கும் இந்த விவேகம், பிள்ளைகளின் படிப்பு என்று வந்தால் மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

செஞ்சிக்கோட்டையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படையோடு எதிர்த்து 1714-இல் மாண்ட தேசிங்குராஜனை அந்தச் சீமையே பாடுகிறது. பாட வேண்டியதுதான். அதே கோட்டையில் அவனுக்கு முன்பு இருந்த இராஜாராமை யார் பாடுகிறார்கள்? சிவாஜியின் மகன் அவர். மொகலாயரின் முற்றுகையைச் சுமார் 8 ஆண்டுகள் தாங்கினார். 1698-இல் கோட்டை வீழ்ந்தபோது அவர் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தார். கோட்டை போயிற்று, மராட்டிய அரசு போகவில்லை. ராஜ்யத்துக்காகத்தான் கோட்டை, கோட்டைக்காக ராஜ்யம் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக, கசப்பதையெல்லாம் உதறிவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு ஆண்டு தாங்கியவர் வெளியேறியது வேறு. எட்டாம் பாடத்தில் அலுத்துப்போவது வேறு. அலுப்பும் விவேகத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வரும். பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கட்டிய பணம் முழுவதும் இன்று திரும்பிக் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு இதே படிப்பில் புதிதாகச் சேருவாளா? சேருவேன் என்று மனம் சொன்னால், அலுப்பைப் பொருட்படுத்தாமல் முடித்துவிட வேண்டும். மாட்டேன் என்று சொன்னால், இத்தனை நாள் அவளைப் பிடித்து வைத்திருந்தது படிப்பல்ல, பணம் கட்டிய ரசீது.

அப்படியானால் தகப்பனுக்குப் பட்ட கடன்? அது உண்டு. ஆனால் பிடிக்காததைப் பிடித்ததுபோல் நடித்து முடித்தால் அது தீராது. அவள் படிக்கும் தொழிலிலேயே ஒரு தர்மம் இருக்கிறது: வைத்தியரின் குறிப்பில் இல்லாததைக் கணக்கில் எழுதக் கூடாது, செய்யாத சிகிச்சைக்குப் பணம் கேட்பது குற்றம். தகப்பனுக்கு அவள் கொடுக்க வேண்டியதும் அப்படிப்பட்ட கணக்குத்தான். இவ்வளவு படித்தேன், இது பிடித்தது, இது பிடிக்கவில்லை, இனி இதைச் செய்யப் போகிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கேட்டுக்கொள்ளும் பொறுமை பெற்றவர்களுக்கும் வேண்டும். மகளுக்குக் கொடுத்த பணத்தைக் கயிறாகத் திரித்து அவள் காலில் கட்டினால், அது கொடுத்ததாகாது. வட்டிக்கு விட்டதாகத்தான் ஆகும்.