கண்ணை மூடியது ஜெபிக்கவா?



சாட்சி என்றால் கர்த்தர் நமக்குச் செய்த நன்மைகளைச் சொல்வது வழக்கம். நான் எழுதப்போவது நான் செய்யாமல் விட்ட ஒரு நன்மையைப் பற்றி. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பல வாரங்களாக ஆவியானவர் இந்தக் காரியத்தில் என்னை விடவே இல்லை. உங்களில் ஒருவருக்காவது பிரயோஜனமாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக நம்முடைய உபவாச ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தேன். இந்த நியூயார்க்கில் கார் இல்லாத நமக்கு சப்வே ரயிலை விட்டால் வேறு வழி ஏது? ஏறினவுடன் சீட் கிடைத்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லி உட்கார்ந்தேன். அன்று பத்து நிமிஷம் வசனத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி பாஸ்டர் என்னிடம் சொல்லியிருந்தார். மாற்கு 5-ம் அதிகாரத்தைத் திறந்து, யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்பின பகுதியைத் தியானித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. ஒரு பெண்மணி என் முன்னால் வந்து நின்றார். வேலைக்குப் போகிற யூனிபார்ம். ஒரு கை கம்பியில், மறு கை வயிற்றில். முகம் வெளுத்துப்போய், நெற்றியெல்லாம் வேர்வை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

மூடி என்ன செய்தேன்? ஜெபம் பண்ணினேன்! செய்திக்காக அபிஷேகம் கேட்டேன். உள்ளே ஒரு சத்தம், "எழுந்திரு" என்றது. நான் சொன்னேன்: "ராத்திரி முழுக்க நின்ன கால் ஆண்டவரே. அவங்க கேட்டா கட்டாயம் கொடுத்துடறேன்."

அவர் கேட்கவில்லை. இரண்டு ஸ்டேஷன் கழித்து, என் காலடியிலேயே மயங்கி விழுந்தார்.

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். யாரோ ஒருவர் அவர் தலையைத் தாங்கிக்கொண்டார். அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றதும் கண்டக்டர் வந்து பார்த்தார், கையிலிருந்த ரேடியோவில் பேசினார், அந்தப் பெண்மணியின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு பயணிக்கு உடல்நலம் சரியில்லை, அதனால் ரயில் நிற்கிறது என்று அறிவித்தார்கள். அப்போது பெட்டி முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது. ஐயோ பாவம் என்கிற பெருமூச்சு இல்லை அது. 'இன்னிக்குன்னு பார்த்தா இப்படி!' என்கிற பெருமூச்சு. சொல்ல வெட்கப்படுகிறேன், நானும் கடிகாரத்தைப் பார்த்து அதே பெருமூச்சைத்தான் விட்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் ரயில் அங்கேயே நின்றது.

சபைக்கு வந்து சேர அரை மணி நேரம் தாமதம். "ரயில் லேட் பாஸ்டர். யாருக்கோ உடம்பு சரியில்லையாம், நிறுத்திட்டாங்க" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த வயதான தாயார் ஒருவர் திரும்பிப் பார்த்து, "யாருக்குத் தம்பி சரியில்லாம போச்சு? இப்ப எப்படி இருக்காங்களாம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை.

"பேராவது கேட்டீங்களா தம்பி? ஜெபத்துல வெச்சுக்கலாம்ல?"

பெயரும் தெரியாது. அன்று நான் செய்தி கொடுத்தேன். அபிஷேகம் கேட்டேனே, அதெல்லாம் ஒன்றும் இல்லை. வாய் பேசியது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கேட்காதவருக்குக் கொடுக்காமல் இருந்தது பாவமா?

என் மனது எனக்காக நன்றாகவே வாதாடியது. முதல் வாதம்: "நான் மறுக்கவில்லையே! கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே!" இதற்கு நான் பதில் கண்டது ஒரு ஆச்சரியமான இடத்தில். 1970-களின் தொடக்கத்தில் இதே நியூயார்க்கில் ஸ்டான்லி மில்கிராம் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். தன் மாணவர்களை சப்வேயில் அனுப்பி, உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், "உங்கள் இடத்தை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்கச் சொன்னார். எத்தனை பேர் கொடுத்தார்கள் தெரியுமா? நூற்றுக்கு 68 பேரிடத்தில் இடம் கிடைத்தது! இந்த ஊர் ஜனங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்கிறோமே, பாருங்கள்.

ஆனால் அதைவிட முக்கியமானது வேறொன்று. கேட்கப் போன மாணவர்கள் தவித்துப்போனார்கள். அந்தப் பேராசிரியரே போய் நின்றபோது வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டதாம். ஒருவழியாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்த பின்னும், உண்மையிலேயே உடம்பு சரியில்லாதவர்போலத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதாம்.

ஆம் பிரியமானவர்களே, கொடுப்பதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். நல்ல சுகத்தோடு இருந்த படித்த மனிதருக்கே இப்படியென்றால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்மணி எப்படிக் கேட்பார்? "கேட்டால் கொடுப்பேன்" என்று நான் சொன்னபோது, இரண்டில் பெரிய பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு, சின்னதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

இதை நம் ரயில்வேக்காரர்கள்கூடப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2017-ல் கர்ப்பிணிகளுக்கும், ஊனமுற்றோருக்கும், முதியோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுத்தார்கள். லண்டனில் கர்ப்பிணிகளுக்கு 2005-லேயே கொடுத்தார்கள். வாய் கேட்கக் கூசுவதை அந்தப் பேட்ஜ் கேட்கும். நல்ல காரியம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டவனிடம் பேட்ஜ் என்ன செய்யும்? ஊனமுற்றோருக்கென்று சீட் ஒதுக்கச் சட்டம் இருக்கிறது, அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. சட்டம் சீட்டை ஒதுக்கலாம், என் கண்ணைத் திறக்க அதனால் ஆகாது.

இரண்டாவது வாதம்: "நானும் களைத்துப்போயிருந்தேன்." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் பார்த்து, "வாலிபன்தானே, எழுந்தால் என்ன?" என்று நியாயந்தீர்க்க நமக்கு அதிகாரம் கிடையாது. அந்த வாலிபனுக்கு வெளியே தெரியாத வியாதி இருக்கலாம். ஆகவே மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். என் களைப்பையும் அவர் களைப்பையும் நான் நிறுத்துப் பார்க்கவே இல்லை. நிறுத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று தெரிந்துதான் கண்ணை மூடினேன்.

மூன்றாவது வாதம்: "நான் எழுந்திருந்தாலும் அவர் மயங்கியிருப்பார்." இருக்கலாம். ஆனால் நான் குற்றவாளி ஆனது அவர் விழுந்த நேரத்தில் அல்ல. அவர் சுகமாகவே இறங்கிப் போயிருந்தாலும் நான் அதே குற்றவாளிதான், யாருக்கும் தெரியாத குற்றவாளி. நன்மை இன்னதென்று அறிந்தும் செய்யாமல் இருப்பதைப் பற்றி யாக்கோபு 4:17 என்ன சொல்கிறது? எடுத்து வாசித்துப் பாருங்கள். பலனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். தினமும் ரயிலில் ஏறுகிறோம், எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்? நம் சப்வே ரயிலில் ஓட்டுநர் முன்னால் இருப்பார், கண்டக்டர் நடுப்பெட்டியில் இருப்பார். ரயில் நின்றதும் கண்டக்டர் ஜன்னலைத் திறந்து, எதிரே தொங்குகிற கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகையை விரலால் சுட்டிக்காட்டுவார். அதன் பிறகுதான் கதவு திறக்கும். காரணம் என்ன? அந்தப் பலகை அவருக்கு நேராக இருந்தால் ரயில் முழுவதும் பிளாட்பாரத்துக்குள் சரியாக நிற்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பெட்டியின் கதவு இருட்டுச் சுரங்கத்துக்குள் திறந்துவிடும். கதவைச் சாத்திய பிறகும் அவர் வேலை முடியவில்லை. ரயில் நகரும்போது தலையை வெளியே நீட்டி, யாராவது மாட்டிக்கொண்டு இழுபடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார்.

விரலால் காட்டுகிற இந்தப் பழக்கம் ஜப்பான் ரயில்வேயிலிருந்து வந்தது. அங்கே விரலால் காட்டி, வாயாலும் சத்தமாகச் சொல்லுவார்கள். நியூயார்க்கில் 1996 முதல் இப்படிச் செய்கிறார்கள். பலகையைக் கண்ணால் பார்த்தால் போதாதா, விரல் எதற்கு? மனித சுபாவத்தை அறிந்தவர்கள் வைத்த விதி அது. கண் பார்க்கும், மனது வேறெங்கோ இருக்கும். கையையும் அசைக்கச் சொன்னால் மனது வந்தே ஆகவேண்டும். பார்ப்பது தானாக நடக்கிற காரியம் இல்லை, அது ஒரு வேலை.

ஒரு கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், முன்பின் தெரியாத ஜனங்களுக்காக, பார்த்தேன் என்று கையை நீட்டுகிறார். பரிசுத்த ஆவியைப் பெற்றேன் என்று சொல்லுகிற நான், ஒரு முழ தூரத்தில் நின்றவரைப் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தேன். லூக்கா 10-ல் ஆசாரியனும் லேவியனும் அடிபட்டவனைப் பார்த்துவிட்டுத்தான் விலகிப் போனார்கள். அவர்கள் எங்கே போனார்களோ தெரியாது. நான் உபவாச ஜெபத்துக்குப் போனேன்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு ரயில் நின்றால் பின்னால் வருகிற ரயிலுக்குச் சிவப்பு சிக்னல் விழும். அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். ஒரு ஆள் விழுந்ததற்கு ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்க நேரிடுகிறது. இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். அன்று என் மடியில் திறந்து கிடந்த மாற்கு 5-ம் அதிகாரமே இதற்குப் பதில் வைத்திருந்தது! யவீருவின் மகள் மரணத் தறுவாயில் கிடக்கிறாள். ஆண்டவர் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் 12 வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ, யாரிடமும் எதுவும் கேட்காமல், கூட்டத்தில் பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். ஆண்டவர் நின்றுவிட்டார்! சீஷர்களுக்கு அது வீண் தாமதமாகத் தெரிந்திருக்கும். யவீருவின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! ஆண்டவரோ திரும்பி நின்று அவள் யார் என்று கூட்டத்தில் தேடினார், அவள் முழுக் கதையையும் கேட்டார், மகளே என்று அழைத்து அனுப்பினார். யவீருவும் எதையும் இழந்துபோகவில்லை.

கேட்கக் கூசினவளைத் தேடி நின்றவர் நம் ஆண்டவர். அந்த வேதப்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே நான் கண்ணை மூடினேன். எனக்குத் தாமதம் என்று தோன்றியது இன்னொருவருக்கு உயிர். அந்த அரை மணி நேரம் என்னுடையது என்று யார் எனக்குச் சொன்னது?

தேவ பிள்ளைகளே, இதை ரயிலோடு விட்டுவிட முடியாது. நம் ஆராதனையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சகோதரி நிற்கிறார். புதிதாக வந்த ஒருவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் தயங்குகிறார். நாமோ கண்ணை மூடி, கையை உயர்த்தி, "அல்லேலூயா" என்கிறோம். நல்ல உடை உடுத்தினவனுக்கு நல்ல இடமும், ஏழைக்கு நிற்கிற இடமும் கொடுத்த சபையைப் பற்றி யாக்கோபு 2-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. ஜெபத்தில் கண்ணை மூடுவது தப்பே இல்லை. மூடுவதற்கு முன் ஒருதரம் சுற்றிப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

இப்போது நான் ஒரு காரியம் செய்து வருகிறேன். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும்போது, கண்டக்டர் அங்கே பலகையைக் காட்டுவார் அல்லவா, அந்த நேரத்தில் நானும் தலையைத் தூக்கி ஒருமுறை பார்க்கிறேன். தேவையுள்ளவர் இருந்தால், "உட்காருங்க" என்று நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். சிலர் "வேண்டாம், அடுத்த ஸ்டேஷன்தான்" என்பார்கள். பரவாயில்லை. சில நாள் என் கால் வலி ஜெயித்துவிடுகிறது, அதையும் மறைக்கவில்லை. அப்போதும் கண்ணை மட்டும் மூடுவதில்லை. ரயில் நின்று, யாருக்கோ சுகமில்லை என்று அறிவித்தால், கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறேன்.

அந்தப் பெண்மணி யார், என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பெயர் கர்த்தருக்குத் தெரியும். அன்று கேள்வி கேட்ட தாயார் ஒவ்வொரு சனிக்கிழமையும் "ரயில்ல விழுந்த அந்த மகளுக்காக" என்று சொல்லி ஜெபித்து வருகிறார். நானும் அவரோடு ஆமென் சொல்லுகிறேன். நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

கர்த்தர் நம் கண்களைத் திறப்பாராக. அவர் ஒருவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.