இரக்கம் மட்டும் போதுமா?

பார்வையற்றவரையோ, செவி கேளாதவரையோ, நடக்க இயலாதவரையோ காணுங்கால் நம் நாவில் எளிதாய் எழும் சொல், "பாவம், முன்வினைப் பயன்" என்பதாகும். வினைக் கோட்பாட்டை உயிர்நாடியாகக் கொண்டவர் நாம். ஆதலின் இச்சொல் நமக்கு இயல்பாகவே தோன்றுகிறது. ஆயினும், ஒரு தாயின் எதிரில் அவள் மடியிலுள்ள குழந்தையைச் சுட்டி இவ்வாறு உரைத்தல் அறமாகுமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வினைக் கோட்பாடு அவரவர் தம் ஒழுக்கத்தைத் திருத்திக் கொள்வதற்கு வாய்த்த விளக்கு. பிறர் உடலைப் பார்த்துத் தீர்ப்புரைக்கும் அளவுகோல் அன்று. பிறருடைய முற்பிறவியை அறியும் ஞானம் நமக்கில்லை. அவரிடம் இன்று நாம் நடந்துகொள்ளும் முறை ஒன்றே நாம் அறியக்கூடியது. அதுவே நம் வினை.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது நிர்விசிகித்சை. உடலின் நிலை கண்டு வெறுப்புறாது, உள்ளிருக்கும் குணத்தில் அன்பு வைத்தலே அது. இரத்தினகரண்டக சிராவகாசாரம் இயற்றிய சமந்தபத்திரர், நீக்கத்தக்க எட்டு மதங்களுள் வலிமைச் செருக்கையும் உடற்செருக்கையும் சேர்த்தே எண்ணினார். குறையுள்ள உடலை இகழ்தலும், குறையற்ற உடலால் தருக்குதலும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 'பொறியின்மை' என வரும் சொல்லுக்குப் பரிமேலழகர் ஊழின்மை எனப் பொருள் கொண்டார். வேறு சிலர் உறுப்புக் குறை எனக் கொண்டனர். எவ்வாறு கொள்ளினும் அது யாருக்கும் பழியாகாது என்பதே வள்ளுவர் முடிபு.

நம் நடைமுறையோ வேறாக உள்ளது. நன்கொடை அளிப்பதில் நம்மவர் பின்வாங்குவதில்லை. பிறந்தநாள்தோறும் இல்லங்களுக்குச் சென்று உணவளிப்போர் பலர், நன்று. ஆனால், மூத்த பிள்ளைக்குப் பேச்சு வராது என்பது தெரிந்தால் இளையவளின் திருமணம் தடைப்படுமோ என அஞ்சி, பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாமல் அப்பிள்ளையை உள்ளறையில் இருத்தும் குடும்பங்களும் உண்டு. பெற்றோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவ்வச்சத்தை ஊட்டியது, வரன் பேசும்போது துருவித் துருவிக் கேட்கும் நம் சமூகமே. எறும்புக்கும் ஊறு நேராது நடப்பவர், ஒரு பிள்ளையை மறைந்து வாழச் செய்வது இம்சை அன்றோ?

இரக்கத்தினும் மேலானது இடமளித்தல். இதற்கு ஜெய்ப்பூர்க் கால் நற்சான்று. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் இதனை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் காலணிக்கும் நாற்காலிக்கும் ஏற்றது. நம் மக்களோ வெறுங்காலுடன் கோயில் புகுவோர், சம்மணமிட்டு உண்போர், குந்தியமர்ந்து தொழில் செய்வோர். இவற்றுக்கு இசையுமாறு அக்கால் அமைக்கப்பெற்றது. 1975இல் டி. ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் நிறுவிய, பகவான் மகாவீரர் பெயர் தாங்கிய அறநிறுவனம் அதனை இலவசமாக வழங்கி வருகிறது. நடக்க வைப்பதோடு நில்லாமல், கோயிலுக்கும் பந்திக்கும் ஒருவரை மீட்டளித்ததே அதன் சிறப்பு.

சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடம் ஒதுக்கியது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் வகை செய்தது. ஊராட்சியில் கிடைக்கும் இருக்கை நம் சங்கத்தில் கிடைக்க வேண்டாமா?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. செவித்திறன் குறைந்த மாணவியை முதல் வரிசையில் இருத்தி, கரும்பலகைப் பக்கம் திரும்பாது அவள் முகம் நோக்கிப் பேசினால், பாடம் அவளுக்கு எளிதாவதை வகுப்பறையில் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே ஜினாலயப் படிகளின் அருகே ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமைக்கலாம். பந்தியில், மூலையில் அன்றி வரிசையிலேயே, சில நாற்காலிகள் இடலாம். அபிடேகத்தின்போது பார்வையற்றவர் அருகிலிருந்து, நடப்பதை ஒருவர் மெல்ல எடுத்துரைக்கலாம். தோத்திரம் பாடவும் சங்கக் கணக்கெழுதவும் அவர்களுள் வல்லார் இருப்பர்; கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

நால்வகைத் தானங்களுள் ஆகாரமும் மருந்தும் நூலும் பொருளால் ஆவன. அபயதானமோ அச்சம் நீக்குவது. அதற்கு ஒரு சொல்லே போதும். அடுத்த விழாவுக்கு அழைக்கச் செல்லும்போது, உள்ளறையில் இருக்கும் பிள்ளையின் பெயரையும் சொல்லி, "அவனையும் அழைத்து வாருங்கள் அம்மா" எனக் கூறுவோமாக.