யார் வீட்டுப் பிள்ளை?

செம்பட்டி நாற்சந்தியில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றிருக்கிறீர்களா? திண்டுக்கல்லிலிருந்து ஒரு பேருந்து வந்து நிற்கும். வத்தலக்குண்டுப் பக்கம் போகிறது ஒன்று கிளம்பும். கன்னிவாடி வழியாக ஒட்டன்சத்திரம், பழனி போகிறவர்கள் இன்னொரு பக்கம் காத்திருப்பார்கள். பூ மூட்டைகள் பேருந்துக்குள் ஏறும்போதே மல்லிகை வாசம் நமக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

டீக்கடை பெஞ்சில் தெரியாத முகம் ஒன்று வந்து உட்கார்ந்தால், பக்கத்திலிருக்கிற பெரியவர் சும்மா இருக்கமாட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். அடுத்தது, "யாரு வீட்டுப் பிள்ளை?" மூன்றாவதாக ஒரு கேள்வியும் அவர் மனசுக்குள் இருக்கும். அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார். முதல் இரண்டு பதிலிலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்ப்பார்.

இந்தப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது நாமும் இதைத்தானே செய்கிறோம்? எந்த ஊர், யார் வீடு. இது தெரிந்ததும் ஆளே தெரிந்துவிட்டதாக ஒரு திருப்தி.

நம் பக்கத்திலேயே ஒருவரை எடுத்துக்கொள்வோம். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். எந்த ஊர்? திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி. 1904இல் பிறந்தவர். யார் வீடு? அங்கேதான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். டி.வி.எஸ். வீடு. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் ஓட்ட ஆரம்பித்த மனிதர் அவர். பிறகு மதுரைச் சீமை முழுக்க அவர் பஸ் ஓடியது. டி.வி.எஸ். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவ்வளவுதான், கதை தயாராகிவிடும். பணக்கார வீட்டுப் பெண், சுகத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார், தியாகம் செய்தார். மேடையில் இப்படித்தான் சொல்கிறோம். எனக்கு அதில் 'விட்டுவிட்டு' என்கிற சொல்தான் உறுத்துகிறது. அவர் விட்டுவிட்டு வந்ததை எண்ணிப் பார்க்கிறோம். கையோடு எதைக் கொண்டுவந்தார் என்று யாரும் எண்ணுவதில்லை.

சின்ன வயதில் கல்யாணம் ஆனவர் அவர். கணவரும் மருத்துவர்தான். இளமையிலேயே இறந்துவிட்டார். அந்தக் காலத்தில், அப்படிப்பட்ட ஆசாரமான குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வாழ்க்கை என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டின் கடைசி அறை, விசேஷங்களில் முகம் காட்டாமை. ஆனால் இந்த வீடு அவரைப் படிக்க அனுப்பியது. டில்லியில் பெண்களுக்காகவே நடந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. 1936இல் டாக்டராக வெளியே வந்தார். வயது என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள், 32. நம் பிள்ளை இன்னொரு வருஷம் நீட் தேர்வுக்கு உட்கார்ந்தாலே, "வயசு போகுதே" என்று அங்கலாய்க்கிறோம்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வருஷம் நம் ஆத்தூரிலோ சித்தையன்கோட்டையிலோ கணவனை இழந்த ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு டில்லி ரயில் கிடைத்திருக்காது. அந்த ரயில் டிக்கெட் சௌந்தரத்துக்குப் பிறந்த வீடு கொடுத்தது. பின்னணி என்பது பொய்யில்லை. வசதி வேலை செய்யத்தான் செய்கிறது.

ஆனால் பிறந்த வீடு எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. டில்லியில் உடன் படித்த சுசீலா நய்யார் மூலமாக அவருக்குக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. அந்த வட்டத்திலேயே ஜி. ராமச்சந்திரன் இருந்தார். திருவனந்தபுரத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், மலையாளி. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். படிப்புக்குச் சரி என்ற வீடு, மறுமணம், அதுவும் வேறு சாதி, வேறு மொழி என்றதும் சரி என்று சொல்லவில்லை. காந்தி ஒரு யோசனை சொன்னார். ஒரு வருஷம் இரண்டு பேரும் பார்க்கவோ எழுதவோ கூடாது, அதற்குப் பிறகும் மனசு மாறாமல் இருந்தால் வாருங்கள் என்றார். மாறவில்லை. 1940இல் காந்தியே முன்நின்று நடத்திவைத்தார். அவர் கையால் நூற்ற நூல்தான் தாலிக்கயிறு என்று சொல்வார்கள்.

காத்திருக்கத் தெரிந்தவர் என்பது இங்கே தெரிகிறது. ஆனால் காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. டைம் தவறாத பஸ் கம்பெனிக்காரர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்குப் போன காந்தியின் ரயில் வழியில் சின்னாளபட்டிப் பக்கம் நின்றது. சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அடுத்த வருஷம், 1947 அக்டோபர் 7ஆம் தேதி, அந்த மண்ணில் காந்திகிராமம் பிறந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கியது. ஜி. ராமச்சந்திரன் கல்வியைப் பார்த்தார். 1956இல் வந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அந்தக் கதை பலருக்கும் தெரியும். எனக்குச் சொல்ல ஆசை டாக்டரம்மாவின் பக்கத்தைத்தான்.

அப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் என்ன வழி? ஊர் மருத்துவச்சி. அவள் கைவிரித்தால் மாட்டுவண்டி, அதில் வைக்கோல் பரப்பி, திண்டுக்கல் வரைக்கும். மழை பெய்திருந்தால் அதுவும் இல்லை. கஸ்தூர்பா அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பில் இருந்த சௌந்தரம், சின்னாளபட்டியில் சிறிய அளவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். காந்திகிராமத்தில் இன்றைக்கு நிற்கிற கஸ்தூர்பா ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான். கிராமத்துப் பெண்களையே சேர்த்துச் சேவிகைகளாகப் பழக்கினார். ரயில் டிக்கெட் கிடைக்காதவர்கள் என்றேனே, கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும், அவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

1959இல் இன்னொன்று நடந்தது. நம் ஆத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு காந்திகிராமம் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் போட்டது. நோயாளி தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், ஊர் ஊராகப் போவது. தாய்சேய் நலம், குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பு மருத்துவம். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பிக்கொள்ளும் காலம் அது. ஊரில் நாலு பேர் மதிக்கிறவர்களைப் பிடித்து, அவர்கள் வாயாலேயே பேசவைத்தார்கள். அந்தத் திட்டம் பிற்பாடு ஒரு தனி நிறுவனமாகவே வளர்ந்தது. ஆத்தூர் என்கிற பெயரை வெளிநாட்டு மருத்துவ ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஆத்தூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952இல் இதே ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். 1957இல் வேடசந்தூர். 1962இல் திண்டுக்கல் எம்.பி., மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சர். அதே வருஷம் பத்ம பூஷண். 1984இல் காலமானார். தபால்தலையும் வந்தது.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் பதவிகள் ஞாபகத்துக்கு வருவதில்லை, சாலைதான் வருகிறது. அப்பா செய்த தொழில் என்ன? பஸ் ஓட்டுவது. கிராமத்து ஆளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டணத்தில் இறக்கிவிடுவது. நேரம் தவறாமல், வழியில் நின்றுபோகாமல், யார் ஏறினாலும். மகள் அந்த ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டியை எதிர்த்திசையில் திருப்பிவிட்டார். பட்டணத்திலிருந்த மருந்தையும் மருத்துவரையும் ஏற்றிக்கொண்டுவந்து கிராமத்தில் இறக்கினார். சொத்தை வேண்டுமானால் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். அப்பாவின் குணத்தை வைத்துவிட்டு வரவில்லை.

டீக்கடைப் பெரியவரின் மூன்றாவது கேள்விக்கு இந்தக் கதையில் எங்கே வேலை வந்தது என்று பார்க்கிறேன். கல்யாணத்தின்போது குறுக்கே வந்து நின்றதே, அந்த ஒரே இடம்தான்.

இன்றைக்குக் காலை திண்டுக்கல்லிலிருந்து மதுரைப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால், காந்திகிராமம் வரும்போது கண்டக்டர், "ஆஸ்பத்திரிக்கு யாரும்மா?" என்று குரல் கொடுப்பார். நிறைமாதத்துப் பெண் ஒருத்தி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அம்மா, கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்திருப்பார்கள். "பார்த்து, மெதுவா எறங்கு தாயி" என்று சொல்லிவிட்டு, இருவர் காலும் தரையில் படுகிற வரைக்கும் அவர் விசில் ஊதமாட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.