முகப்பூச்சும் எட்டாம் கற்பனையும்



முகத்தில் பூசும் கிரீமுக்கும் வேத கற்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைக் கண்டதும் சிலர் புன்னகை செய்யலாம். வேறு சிலர், இந்த வாரம் பெண்களின் அலங்காரத்துக்குத்தான் கண்டனம் போலும் என்று பக்கத்தைப் புரட்டலாம். இரு சாராரும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் ஆராயப் போவது பூச்சைப் பற்றியதல்ல. புதிதாய் ஒரு பூச்சை வாங்கிப் பூசிப் பார்த்தபின் நம் வாயிலிருந்து புறப்படுகிறதே ஒரு வார்த்தை, அதைப் பற்றியது.

ஆயினும் அலங்காரம் பாவமா என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். எஸ்தேர் அரசனிடம் அழைத்துச் செல்லப்படுமுன், அரண்மனை வழக்கப்படி 6 மாதம் வெள்ளைப்போளத் தைலமும், 6 மாதம் பரிமளத் திரவியங்களும் பூசப்பெற்றாள் என்று வேதாகமம் சொல்லுகிறது. யூதித் தன் ஜனத்தை மீட்கப் புறப்பட்ட இரவில் நறுந்தைலம் பூசி, ஆபரணம் தரித்துக்கொண்டாள். ஒருசந்தி பிடிக்கிறவர்கள் முகவாட்டம் காட்டாமல், தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்று நமதாண்டவரே போதித்தார். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், இல்லாத அழகை உள்ளதாகக் காட்டி ஏய்ப்பது வேறு, நோய் முதலியவற்றால் உண்டான விகாரத்தை மறைப்பது வேறு என்று பகுத்து, பின்னது ஆகும் என்றார். ஆகையால் அம்மைத் தழும்பை மறைக்கிறவளையும், பனிக்காலத்தில் வெடித்த கன்னத்திற்குக் களிம்பு தடவுகிறவளையும் குற்றக் கூண்டில் ஏற்ற எவருக்கும் அதிகாரமில்லை. வீண் பெருமையும், குடும்பத்துக்கு மிஞ்சிய செலவும் கூடாதவை. அதை நீங்கள் அறிவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு பெண் புதிதாய் ஒரு கிரீம் வாங்குகிறாள். நான்கு நாள் பூசுகிறாள். ஐந்தாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "அக்கா, முகம் பளிச்சென்று இருக்கிறதே, என்ன போடுகிறீர்கள்?" என்று ஒருத்தி கேட்கிறாள். "இன்ன கிரீம். ரொம்ப நன்றாயிருக்கிறது. நீயும் வாங்கிப் போடு" என்கிறாள் இவள். அவ்வளவுதான். கேட்டவள் அன்று மாலையே கடைக்குப் போகிறாள். இப்போது கைப்பேசியில் படம் பிடித்து ஆயிரம் பேருக்கு அனுப்புகிறவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கோயில் வாசலில் ஒருத்தி கேட்டதை அங்கே ஆயிரம் பேர் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

இந்தச் சிறிய வார்த்தை என்ன ஜாதி வார்த்தை? சற்று யோசித்துப் பாருங்கள். அது விளம்பரமல்ல, வெறும் அரட்டையுமல்ல. அது சாட்சி. நான் கண்டேன், அனுபவித்தேன், என் முகமே அத்தாட்சி என்று சொல்லுகிற சாட்சி. கடைக்காரன் சொன்னால் நம்பாதவள் நீங்கள் சொன்னால் நம்புகிறாள். ஏன்? உங்களுக்கு அதில் லாபமில்லை என்று நினைக்கிறாள். நீங்கள் பார்த்ததைத்தான் சொல்லுகிறீர்கள் என்று நினைக்கிறாள். எட்டாம் கற்பனை காப்பாற்றுவது இந்த நம்பிக்கையையே. நீதிமன்றத்தில் ஏறிச் சத்தியம் செய்கிறவனுக்கு மட்டும் அந்தக் கற்பனை கொடுக்கப்படவில்லை.

"அற்ப விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்களே, ஒரு கிரீமினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்களானால், நம் அயல் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதடைந்து, உடம்பின் புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகும் ஒருவித நோயோடு பலர் வந்தார்கள். கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், உடம்பு தளரும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே மருத்துவர்கள் கண்ட அத்தகைய நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு தனி வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசிவந்தவர்கள்! கிரீமிலிருந்த பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது சர்வேசுரனுடைய இரக்கம்.

பாதரசம் எப்படி நிறத்தை மாற்றுகிறது? தோலுக்குக் கருமை தரும் நிறமி உண்டாகாதபடி அது தடுக்கிறது. ஆகவே முகம் வெளுப்பது மெய்தான். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. துவாலை, தலையணை உறை, தாயின் கை ஆகியவற்றின் மூலம் கைக்குழந்தைக்கும் போய்ச் சேரக்கூடும். இதனாலேயே 2013-ல் ஜப்பானில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்க வகை செய்தது. நம் நாட்டிலும் 2020-ல் வந்த விதிகள் கட்டுப்படுத்தின. சட்டம் இருந்தும் கள்ளச் சரக்கு வருகிறதே, எப்படி? உற்பத்தி செய்தவன் பெயரும் முகவரியும் இல்லாத அந்தச் சிறு டப்பா தானாக ஊருக்குள் நடந்து வருவதில்லை. நம்பிக்கைக்குரிய ஒருத்தியின் நல்ல வார்த்தை அதைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. 13 பேரில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் "நன்றாயிருக்கிறது" என்று சொல்லியிருக்க மாட்டாரா?

"நான் பொய் சொல்லவில்லையே! வெளுத்தது மெய், அதைத்தான் சொன்னேன்" என்று ஒரு சகோதரி வாதிடலாம். நியாயமான வாதம். மனமறிந்து பொய் சொல்லாதவள் பொய்யளல்ல. ஆனால் சாட்சிக்கு இரண்டு கடமை உண்டு. பொய் சொல்லாதிருப்பது ஒன்று. அறியாததை அறிந்ததாகச் சொல்லாதிருப்பது மற்றொன்று. நான்கு நாள் பூசினவள் அறிந்தது நான்கு நாள் சங்கதியை மட்டுமே. அவள் "நன்றாயிருக்கிறது" என்னும்போது நாளையையும் அடுத்த மாதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள்.

தோலின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். நம் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. எந்தக் கிரீமானாலும் அதிலுள்ள நீரும் கிளிசரினும் தோலை உப்பச் செய்து, முதல் நாளே சிறு சுருக்கங்களை மறைக்கும். காலையில் கழுவினால் அதுவும் போய்விடும். ஒவ்வாமை அப்படியல்ல; பூசிய உடனே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்து வரும்; சிலருக்குப் பல வாரம் பூசிய பிறகே வரும். பருக்களோ தாமே வந்து தாமே போகிறவை. அவை மிஞ்சியிருக்கும் வேளையில்தான் புதுக் களிம்பு வாங்குவோம். பின் அவை தாமாகத் தணியும்போது களிம்புக்குப் புகழ் போகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்போ எல்லாவற்றிலும் மோசமான வஞ்சகன். சில நாளில் சிவப்பும் அரிப்பும் மாயமாய் மறையும். மாதங்கள் சென்றபின் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் முன்னிலும் அதிகமாய்க் கொதித்தெழும். ஆகவே எது மிக விரைவில் பலன் காட்டுகிறதோ அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப் பரீட்சிப்பது? ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மூன்று புதுப் பூச்சை ஒன்றாய்ப் போட்டால் நன்மையும் தீமையும் எதனால் என்று தெரியாது. முகத்துக்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு இடத்தில் தினம் இரண்டு வேளை 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். டப்பாவில் உற்பத்தி செய்தவர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி உண்டா என்று படியுங்கள். இல்லையானால் இலவசமாய்க் கொடுத்தாலும் வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் கழியுமுன் யார் கேட்டாலும், "இப்போதுதான் போட ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் தெரியாது" என்று சொல்லுங்கள். "தெரியாது" என்பது வெட்கப்படத்தக்க வார்த்தையல்ல. உத்தம சாட்சிக்கு அது பூஷணம்.

நீதி இரு பக்கமும் உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஒரு பூச்சைப் போட்ட மறுநாள் ஒரு பரு வந்தால், "அந்தக் கடைச் சாமானெல்லாம் விஷம்" என்று தெருவெல்லாம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பரு பூச்சினால் வந்ததா, நிலைக்காத தூக்கத்தினால் வந்ததா என்று பார்த்தோமா? உழைத்துப் பிழைக்கிற ஒரு வியாபாரியின் நற்பெயரும் எட்டாம் கற்பனையின் பாதுகாப்பில் உள்ளதுதான். ஆதாரமில்லாத புகழ்ச்சி தவறானால், ஆதாரமில்லாத பழியும் தவறே.

அடுத்தது லாபம். நம் சகோதரிகள் சிலர் வீட்டிலிருந்தபடியே அலங்காரச் சாமான்களை விற்றுக் குடும்பத்துக்கு உதவுகிறார்கள். நேர்மையான தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதா சபைக் கூட்டத்தில் சிநேகிதியாய் உட்கார்ந்து, "எனக்கு இது நன்றாயிருக்கிறது" என்று சொல்லும்போது, "விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு" என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கேட்கிறவள் அதற்கேற்றபடி எடை போட்டுக்கொள்வாள். தன் பொருளில் வெளியே தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், விற்கிறவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று அர்ச். தோமாஸ் அன்றே தீர்ப்புச் சொன்னார். நம் அரசாங்கமும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான சிபாரிசு செய்கிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வைத்தது. 2023 ஜனவரியில் வந்த விளக்கம், இணையத்தில் சிபாரிசு செய்கிறவர்கள் பெற்ற பணத்தை மட்டுமல்ல, இலவசமாய்ப் பெற்ற பொருளையும் வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும் என்றது. சட்டம் அபராதத்துக்கு அஞ்சச் சொல்லுகிறது. நாமோ மனச்சாட்சிக்கு அஞ்சவேண்டியவர்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. சிபாரிசு செய்தவளுக்கே பிறகு அந்தக் கிரீமினால் முகம் கெட்டுவிடுகிறது. அவள் என்ன செய்கிறாள்? வெட்கத்தினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மௌனமாயிருந்து விடுகிறாள். அவள் சொல்லை நம்பி வாங்கின நாலு பேர் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று சொன்னது அறியாமை; இன்று சொல்லாதிருப்பது அறியாமையல்ல. களவாடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சத்தியத்துக்கு விரோதமான குற்றத்துக்கும் அப்படியே ஈடு செய்யவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. யாருக்குச் சொன்னோமோ அவர்கள் வீட்டுப் படியேறி, "நான் சொன்னேனே, அதை நிறுத்திவிடு. எனக்கு இப்படி ஆயிற்று" என்று சொல்லுவதே அந்த ஈடு. மானம் போகும் என்று தோன்றும். அந்த வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைவிட நம் மானம் பெரிதா?

தாய்மாருக்குத் தனியே ஒரு வார்த்தை. இந்தக் கள்ளச் சரக்கு விலைபோவதற்கு வேர் எங்கே? "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று தரகர் சொல்லுவதில். "வெயிலில் போகாதே, இன்னும் கறுத்துவிடுவாய்" என்று நாமே குழந்தையிடம் சொல்லுவதில். கறுப்பு நோயல்ல, மருந்து வைத்துத் தீர்க்கவேண்டிய குறையுமல்ல. வெயில் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவர்களைக் காக்கும்படி சிருஷ்டிகர் தோலுக்குள் வைத்த குடை அந்த நிறமி. தன் மகளின் நிறத்தைக் குறையென்று சொல்லுகிற தாயும் ஒரு சாட்சி சொல்லுகிறாள். மகள் அதை ஆயுள் முழுதும் நம்புகிறாள். சர்வேசுரன் நன்றாகச் செய்ததைக் குறையென்று சொன்னால், அதுவும் பொய்ச்சாட்சியல்லவா?

ஆகையால் இந்த வாரம் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்து பாருங்கள். முகவரியில்லாத டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள். அவற்றை நீண்ட நாள் பூசியவர்கள் வீட்டில் இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரைச் சோதித்துக்கொள்ளட்டும். பிறகு, யாருக்கெல்லாம் எதைச் சிபாரிசு செய்தோம் என்று ஆத்தும சோதனை செய்யுங்கள். திருத்திச் சொல்லவேண்டியது ஏதேனும் நினைவுக்கு வந்தால், வருகிற ஞாயிறு வரை காத்திராமல் இன்று மாலையே போய்ச் சொல்லிவிடுங்கள்.