பிரார்த்தனை கேட்கும் கேள்வி

உலகில் அமைதி நிலவ வேண்டும், நீதி தழைக்க வேண்டும் என்று வேண்டாத சமயம் இல்லை. கோயிலில் வழிபாடு நிறைவுறும்போது உலக நலத்துக்கான வேண்டுதல் ஒலிக்கிறது. தேவாலயத்திலும் மசூதியிலும் அவ்வாறே. இத்தனை வேண்டுதலுக்குப் பின்னும் அநீதி ஏன் நீங்கவில்லை? இறைவன் செவிசாய்க்கவில்லையா? அல்லது, வேண்டுகிறவன் தன் வேண்டுதலுக்குத் தானே செவிகொடுக்கவில்லையா?

இக்கேள்வியை நேர்மையுடன் எதிர்கொண்ட முயற்சி ஒன்று பெங்களூருவோடு தொடர்புடையது.

கிறிஸ்தவ சமயத்தின் பல்வேறு திருச்சபையினர் ஆண்டுதோறும், பெரும்பாலான நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை, ஒற்றுமைக்காகச் சேர்ந்து பிரார்த்திக்கின்றனர். 1908-இல் அமெரிக்காவில் எளிய முறையில் தொடங்கிய வழக்கம் இது. 1968 முதல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் கூட்டாக ஆயத்தம் செய்த வழிபாட்டு முறையே இதற்குப் பயன்பட்டு வருகிறது. அந்தந்த ஆண்டுக்கான மையக் கருத்தை ஏதேனும் ஒரு நாட்டினர் வகுத்தளிப்பர்.

2013-ஆம் ஆண்டுக்கு அப்பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. 1912-இல் தோன்றியதும் பெங்களூருவில் தலைமையகம் கொண்டதுமான இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம், தன் நூற்றாண்டை ஒட்டி அப்பணியை ஏற்றது. கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்பினரோடும் இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றத்தோடும் கலந்து சிந்தித்தது. உலகெங்கும் உள்ள கிறிஸ்தவர் முன் வைப்பதற்குப் பெருமைக்குரிய செய்தி எதையேனும் அவர்கள் தேர்ந்திருக்கலாம். 1947-இல் சென்னையில் பல சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானதே போதுமான பெருமை. ஆயினும் அவர்கள் தேர்ந்தது, தங்கள் சபைகளுக்குள்ளும் ஊடுருவி நிற்கும் சாதிக் கொடுமையை. சபைகளின் ஒற்றுமையை வேண்டுவோர் தலித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் களையாமல் அந்த ஒற்றுமையை அடைய இயலாது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அதற்கு ஆதாரமாக அவர்கள் கொண்டது மீகா என்னும் பழைய தீர்க்கதரிசியின் உபதேசம். பலிகளையும் காணிக்கைகளையும் குவிப்பதை இறைவன் நாடவில்லை. நீதியாய் நடத்தல், இரக்கத்தை விரும்புதல், தாழ்மையுடன் இறைவனோடு நடத்தல் ஆகிய மூன்றையே மனிதனிடம் எதிர்பார்க்கிறார் என்பது அதன் சாரம். மனிதன் இறைவனிடம் எதைக் கேட்பது என்ற வினா இங்கே திரும்பி, இறைவன் மனிதனிடம் எதைக் கேட்கிறார் என்றாகிறது.

நந்தி விலகியது, மதில்?

இந்த வினா ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. திருப்புன்கூரில் வெளியே நின்று தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனாருக்காகச் சிவபெருமான் நந்தியை விலகச் செய்தார் என்பது தமிழர் அறிந்த வரலாறு. நந்தி விலகியது, ஆனால் நந்தனார் வெளியே நின்ற நிலை விலகவில்லை. தடையாக நின்ற கல்லை நகர்த்தியது இறைவன் அருள். மனிதர் உள்ளத்தில் எழுப்பிய மதிலை அகற்றும் பொறுப்போ மனிதருக்கே விடப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோராய் ஒதுக்கப்பட்டிருந்த அன்பர்களை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது நிறைவேறியது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியே.

'பிரார்த்தனை வேறு, சமூகப் பணி வேறு. இரண்டையும் கலத்தல் ஆகாது' என்று கூறுவோர் உண்டு. அவர்களது அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. பணிவு இல்லாத நீதி வேட்கை எளிதில் வெறுப்பாக மாறிவிடும். பிரார்த்தனையோ பிறர்மீது குற்றஞ்சாட்டும் மேடையாகிவிடும். அதனால்தான் அவ்வுபதேசத்தில் நீதியோடு இரக்கமும் தாழ்மையும் சேர்ந்து நிற்கின்றன. பெங்களூரு மாணவர்கள் பிறர் வீட்டுக் குறையைப் பேசவில்லை; தம் வீட்டுக் குறையை உலகறிய வைத்துப் பிரார்த்திக்கச் சொன்னார்கள். நீதியும் தாழ்மையும் அங்கே ஒன்றாயின.

பிற சமயத்தவர் இத்தகைய பிரார்த்தனையில் மனத்தால் கலந்துகொள்வதற்குத் தம் இஷ்டதெய்வத்தையோ கோட்பாட்டையோ கைவிட வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்டவனின் கண்ணீருக்கு மதபேதம் இல்லை. ஆனால் கலந்துகொள்வோர் ஒன்றை உணர்தல் வேண்டும்: அமைதி வேண்டும் என்று கூப்பிய கைகள், வீடு திரும்பிய பின் வேலை செய்யும் ஒருவருக்குத் தனிக் குவளையை எடுத்து நீட்டுமானால், அந்தப் பிரார்த்தனையை மறுத்தவன் இறைவன் அல்லன்.