நன்றிக்கு அடுத்த அதிகாரம்

யாரை 'வா' என்பது, யாரை 'வாங்க' என்பது என்பதைத் தமிழ்க் குழந்தை எழுத்து பழகுவதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிடுகிறது. இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஊரிலிருந்து வரும் மாமாவுக்கு 'வாங்க', டியூஷன் மிஸ்ஸுக்கு 'வாங்க'. பாத்திரம் தேய்க்க வரும் பாட்டி வயதுப் பெண்ணுக்கு மட்டும் 'வா'. சில வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளை அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறது. பெரியவர்கள் திருத்துவதில்லை, அவர்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். பால்காரர், தபால்காரர், கடைக்காரர் என்று ஆண்களுக்கு 'அர்' விகுதி தாராளமாகக் கிடைக்கிறது. வேலைக்காரி, பூக்காரி, மீன்காரி என்று வரும்போது நம் இலக்கணத்துக்குக் கை சுருங்கிவிடுகிறது. ('பூக்காரம்மா' என்று கூப்பிடும் தெருக்களும் உண்டு. அங்கே வளரும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.)

இதே பிள்ளைகளைத்தான் 'ஆன்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லு' என்று முதுகில் தட்டுகிறோம். சாக்லேட் கொடுத்தவருக்கு நன்றி உண்டு. சாக்லேட் தாளைப் பெருக்கி அள்ளுகிறவருக்கு இல்லை. மரியாதை என்ற பெயரில் நாம் கற்றுத்தருவது பெரும்பாலும் யார் மேல், யார் கீழ் என்ற கணக்கைத்தான்.

2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தனக்குச் சோறாக்கும் கையை வெறுக்கக் குழந்தைக்குத் தானாகத் தெரியாது. வாசலில் நின்று கத்தும் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, அன்று நீதிபோதனை வகுப்பு இருந்திருந்தால் என்ன சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

வீட்டுக்குள் இன்னொரு கூத்து. அன்னையர் தினத்துக்குப் பள்ளியில் வாழ்த்து அட்டை செய்யச் சொல்கிறார்கள். மகன் பசை ஒட்டி, ஜிகினா தூவி, அம்மாவைத் தெய்வம் என்று எழுதிக்கொண்டு வருகிறான். சாப்பிட்ட தட்டு மேசையிலேயே காய்கிறது. அட்டையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தட்டைக் கழுவச் சொல்லுங்கள் என்பேன். வேலையில் பங்கெடுக்காத நன்றி அம்மாவுக்கு எதற்கு?

பிள்ளைகள் வளர்ந்ததும் இந்தப் பாடம் மகள்களிடம் கடன் பத்திரமாகத் திரும்பி வருகிறது. 'உன்னை எப்படியெல்லாம் வளர்த்தோம்' என்ற பேச்சு பெரும்பாலும் அவள் வேலைக்கு வெளியூர் போக நினைக்கும்போதோ, தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதோதான் எழுகிறது. திருக்குறளில் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல், 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் காட்டுகிறார். உதவியவர் செய்த நன்மையை நினைக்கும்போது நடுவுநிலைமை குலையக்கூடும். அங்கேயும் அது குலையக் கூடாது என்பதற்காகவே நன்றிக்குப் பின்னால் வைக்கப்பட்டதாம். பெண்கள் விஷயத்தில் பரிமேலழகரோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவர் என் பக்கம். நன்றி மறக்கக் கூடாது, சரி. ஆனால் செய்த உதவியைக் காட்டி நியாயத்தை வளைக்க உதவியவருக்கும் உரிமையில்லை. குழந்தைக்கு முதல் பாதியைச் சொல்கிறவர்கள் இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குறிப்பாகப் பெண் குழந்தைக்கு.

இதை வகுப்பில் சொன்னபோது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "அப்பா ஃபீஸ் கட்டுறாருங்கிறதுக்காக அவர் காட்டுறவரைக் கட்டிக்கணும்னு இல்லதானே மேடம்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஃபீஸ் கட்டுறதுக்கு அவர்கிட்ட நன்றியா இரு. கல்யாணம் வேற கணக்கு" என்றேன்.

மணி அடித்த பிறகு மேசையருகே வந்து நின்றாள். முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல்தான் அடகுக்குப் போனதாம். இன்னும் மீட்கவில்லை. அதைச் சொல்லி அம்மா இதுவரை எதையும் கேட்டதில்லை என்றாள். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். தேர்வு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லப்போகிறாள். அம்மாவிடம்தான் முதலில்.