கிறிஸ்துமஸ் புனைகதையில் கைம்மையும் ஆறுதலும்

கிறிஸ்துமஸை ஒட்டி அமெரிக்காவில் வெளியாகும் கிறித்தவக் காதல் நாவல்களில், அதாவது காதற்கதையின் ஊடாக விசுவாச வாழ்வையும் போதிக்கும் நூல்களில், கணவனை இழந்த பெண்ணோ மனைவியை இழந்த ஆணோ அடிக்கடி முதன்மைப் பாத்திரமாக வருவதற்கு இறையியல் சார்ந்த ஒரு வசதியும் காரணமாகும். மணமுறிவு பெற்றோரின் மறுமணத்தை ஏற்கப் பல திருச்சபைகள் தயங்குகின்றன. மரணமோ திருமண உடன்படிக்கையைத் தானே முடித்துவைப்பதாக அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் கூறுவதால், கைம்பெண்ணின் இரண்டாம் காதல் வாசகரை உறுத்துவதில்லை. இவ்வாறு துக்கம் கதாநாயகிக்குத் தகுதிச் சான்றாகி, டிசம்பர் 24 இரவுக்குள் ஆறிவிட வேண்டிய கெடுவையும் பெற்றுவிடுகிறது.

இந்த அவசரம் நற்செய்திகளில் இல்லை. லூக்கா 2ஆம் அதிகாரத்தில் வரும் அன்னாள் என்னும் தீர்க்கதரிசி, அதாவது இறைவாக்கு உரைப்பவள், ஏழு ஆண்டுகளே கணவனோடு வாழ்ந்தபின் முதுமைவரை எருசலேம் ஆலயத்தில் உபவாசமும் ஜெபமுமாக இருந்தவள்; குழந்தை இயேசுவைக் கண்டதும் மீட்புக்குக் காத்திருந்தோரிடம் அவள் பேசத் தொடங்குகிறாள், எனினும் கைம்பெண்ணாகவே கதையிலிருந்து விடைபெறுகிறாள். மத்தேயுவோ, ஏரோது அரசன் கொன்ற குழந்தைகளைப் பற்றிக் கூறுமிடத்தில், தீர்க்கதரிசி எரேமியாவின் நூலில் தன் பிள்ளைகளுக்காக அழும் ராகேலை நினைவுகூர்ந்து, அவள் ஆறுதலை மறுப்பதை அப்படியே விட்டுவிடுகிறார்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1848இல் வெளியிட்ட ‘தி ஹாண்டட் மேன்’ என்னும் கிறிஸ்துமஸ் நெடுங்கதை துக்கம் ஆறியே தீரவேண்டுமா என்னும் இச்சிக்கலை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. துயர நினைவுகளை அழிக்கும் வரத்தை ஓர் ஆவியிடம் பெறும் ரெட்லா என்னும் வேதியியல் ஆசிரியர், அவற்றோடு இரக்கத்தையும் இழந்து, தாம் அணுகுவோருக்கும் அந்த வறட்சியைத் தொற்றவைக்கிறார். அதை முறிக்கும் ஆற்றல், தன் சிசுவை இழந்த மில்லி என்னும் எளிய பெண்ணிடம் இருக்கிறது. துக்கத்தைப் பிடுங்கினால் அன்பின் வேரும் கூடவே வந்துவிடும் என்பதே கதையின் வாதம். டிக்கன்ஸுக்கே உரிய மிகையுணர்ச்சி இங்கும் உண்டு, ஆனால் வாதம் அதனால் பழுதுபடவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பால் எவன்ஸ் 1993இல் தாமே அச்சிட்ட ‘தி கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ மணமேடை நோக்கி நகராத கதை. அதில் வரும் மேரி பார்க்கின் என்னும் முதிய கைம்பெண், இறந்துபோன மகளுக்கு எழுதிய கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். கதையில் இடம்பெறும் தேவதூதர் சிலையைத் தேடிக்கொண்டு பிள்ளைகளை இழந்த பெற்றோர் வரத் தொடங்கியதால், 1994 டிசம்பர் 6 அன்று சால்ட் லேக் சிட்டி கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய சிலை ஒன்று நிறுவப்பட்டது. துக்கம் முடிய வேண்டும் என்பதைவிட, அதை வைத்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்பதையே அவ்வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.